முஸைக்காவும் பரீராவும்

முதலாளித்துவத்தின் கீழ்க் கூலிக்கு உழைப்பவனும் உடலை விற்கும் பெண்ணும் ஒரே நிலையினர் என்னும் வாதம் புதியதன்று. கார்ல் மார்க்ஸ் 1844இல் எழுதி, 1932இல் அச்சேறிய கையெழுத்துப் படிகளில், உழைப்பாளர் அனைவரும் தம்மையே விற்க நேரும் பொதுநிலையின் ஒரு கூறாகவே விபசாரத்தைக் கண்டார். இவ்வாதத்தை மதீனாவின் வரலாற்றோடு ஒப்பிட்டுக் காண்பது பயனுடையதாகும்.

மதீனாவின் நயவஞ்சகர் தலைவனான அப்துல்லாஹ் இப்னு உபை, முஸைக்கா, உமைமா என்னும் தன் அடிமைப் பெண்களை விபசாரத்திற்கு வற்புறுத்தினான். அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். அதன்பேரில், 'அந்நூர்' அத்தியாயத்தின் 33ஆம் வசனம் அக்கொடுமையைத் தடை செய்து இறங்கியது என்பது ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படும் செய்தி.

அதே வசனத்தின் முற்பகுதி வேறொரு சம்பாத்தியத்தைப் பேசுகிறது. பொருள் தந்து விடுதலை பெற விழையும் அடிமைக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்குமாறும், இறைவன் அளித்த செல்வத்திலிருந்து அவருக்கு உதவுமாறும் பணிக்கிறது. பரீரா (ரலி) அவர்கள் ஆண்டுக்கு ஒன்றாக 9 ஊக்கியா வெள்ளி தருவதாகப் பத்திரம் எழுதிக்கொண்டு, உதவி நாடி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தார்கள். அன்னையார் முழுத் தொகையையும் கொடுத்து அவரை விடுவித்தார்கள்.

ஒரு சம்பாத்தியம் விலங்கை அறுக்கிறது. மற்றொன்று அதை இறுக்குகிறது. விபசாரக் கூலியைத் தடுக்கும் ஹதீஸில் அக்கூலிக்கு 'மஹர்' என்ற சொல்லே ஆளப்பட்டுள்ளது. பெயர் ஒன்றாயினும் மனைவியின் மஹரும் அதுவும் ஒன்றல்ல என்பதில் அறிஞர்களிடையே ஐயமில்லை. அவ்வாறே, 'கூலி' என்னும் பெயர் ஒன்றாயிருப்பதால் எல்லாத் தொழிலும் ஒன்றாகிவிடா. நெசவாளி கேட்பது நியாயமான கூலி. முஸைக்கா கூலி உயர்வு கேட்கவில்லை, விடுதலையே கேட்டார்.

எனினும், வறுமையே இருவரையும் சந்தைக்குத் துரத்துகிறது என்ற அளவில் மார்க்ஸின் கூற்றை மறுப்பதற்கில்லை. இன்று சாட்டைக்குப் பதிலாகக் கடனும் பசியும் தரகனும் நிற்கின்றனர். அவ்வசனம் மன்னிப்பைக் கூறி முடிகிறது. அது வற்புறுத்தப்பட்ட பெண்களுக்கே உரியது, வற்புறுத்தியவனுக்கன்று என்பது விரிவுரையாளர் பலரின் விளக்கம். நாமோ அப்பெண்ணைத் தூற்றிவிட்டு, அவள் கூலியை உண்டவனுக்குச் சபையில் முன்வரிசை தருகிறோம்.

அத்தகைய பெண்ணொருத்தி மீள விரும்பி நம் வாசலில் நின்றால், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் போல் நாம் பணப்பையைத் திறப்போமா, அன்றிக் கதவை அடைப்போமா?