பந்தயக் குதிரையின் வயதும் காலும்



நான் வங்கிப் பணியில் சேர்ந்து நான்காவது வருடம். வெளியூர்க் கிளை ஒன்றில் இருந்தேன். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. கூட வேலை பார்த்த காசாளர் ஒருவர் ஒரு சனிக்கிழமை என்னைக் குதிரைப் பந்தயத்துக்கு அழைத்துப் போனார். பத்து ரூபாய்க்கு ஒரு டிக்கெட் வாங்கினேன். நான் பணம் கட்டிய குதிரை ஜெயித்தது.

அதே ஓட்டத்தில் பின்னால் வந்த ஒரு குதிரை திருப்பத்தில் தடுமாறி நின்றுவிட்டது. ஒரு முன்னங்கால் தரையில் ஊன்றாமல் தொங்கியது. இரண்டு மூன்று பேர் ஓடிவந்து அதைச் சுற்றிப் பச்சைத் திரை ஒன்றைப் பிடித்தார்கள். திரையை எடுத்தபோது அங்கே ஒரு வண்டிதான் நின்றது. என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் டிக்கெட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். வரிசையில் நின்று பணத்தை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது பந்தயப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தக் குதிரையின் வயது 3 என்று போட்டிருந்தது.

அந்த 3 என்ற எண் என் மனதை விட்டுப் போகவே இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு குதிரை 25 வருடம், சில நேரம் அதற்கு மேலும் வாழும். பிறகு ஏன் இத்தனை சின்ன வயதில் ஓட விடுகிறார்கள்? ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு செய்தி. பந்தயம் என்றாலே எப்போதும் இளங்குதிரைகள்தான் ஓடின என்று நினைக்க வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய பந்தயங்கள் 4 மைல் தூரம். அதையும் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை ஓட வேண்டும். அதற்கு முற்றிலும் வளர்ந்த குதிரைதான் தேவைப்பட்டது. அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற குதிரை எக்லிப்ஸ். 1764-இல் சூரிய கிரகணத்தன்று பிறந்ததால் அந்தப் பெயர். அது முதல் பந்தயத்தில் ஓடியது 1769-இல், அதாவது 5 வயதில். கடைசிவரை தோற்கவே இல்லை.

அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே வழக்கம் மாறிவிட்டது. 1776-இல் செயின்ட் லெஜர் பந்தயமும் 1780-இல் டெர்பி பந்தயமும் 3 வயதுக் குதிரைகளுக்காகத் தொடங்கின. 1786-இல் நியூமார்க்கெட்டில் ஜூலை ஸ்டேக்ஸ் என்ற பந்தயம் 2 வயதுக் குதிரைகளுக்கென்றே வந்தது. தூரம் குறைந்தது, வேகம் கூடியது, வயதும் இறங்கியது.

காரணம் என்ன? வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது உடனே புரிந்தது. குதிரை வாங்க முதல் போட்டாயிற்று. தீவனம், லாயம், பராமரிப்பாள் சம்பளம் என்று தினமும் செலவு. 5 வயது வரை காத்திருந்தால் அத்தனை வருடமும் வரவு இல்லை, முதல் முடங்கிக் கிடக்கிறது. 2 வயதிலேயே ஓடினால் வரவு முன்கூட்டியே தொடங்கிவிடும். 3 வயதில் ஒரு பெரிய பந்தயம் ஜெயித்துவிட்டால் போதும், பிறகு இனப்பெருக்கத்துக்கு அனுப்பி அதைவிடப் பெரிய தொகை சம்பாதிக்கலாம். எந்த வயதில் ஓடத் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது குதிரையின் கால் அல்ல, முதலாளியின் பேரேடு.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வட கோளத்து நாடுகளில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள். ஏப்ரல் கடைசியில் பிறந்த குட்டிக்கும் அடுத்தடுத்த ஜனவரிகளில் வயது ஒன்று, இரண்டு என்று கூடிவிடும். ஏட்டில் 2 வயது ஆகும் அன்று, உண்மையில் அதற்கு 20 மாதம்தான் ஆகியிருக்கும்.

இப்போது காலுக்கு வருவோம். பந்தயக் குதிரை ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ எடை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கணம் மொத்த எடையும் ஒரே காலில் இறங்குகிறது. அந்தக் காலின் கீழ்ப்பகுதியில் தசை கிட்டத்தட்டக் கிடையாது. எலும்பும் தசைநாணும் தோலும்தான். மனிதனைப் போலப் படுக்கையில் படுத்து எலும்பு சேரும்வரை காத்திருக்க அதனால் முடியாது. நின்றே ஆக வேண்டும். ஒரு காலில் அடிபட்டால் பாரம் மற்ற கால்களுக்குப் போய், அந்தக் குளம்புகளின் உள்ளே அழற்சி ஏற்பட்டு அவையும் கெட்டுவிடும். "கால் முறிந்தால் ஏன் கொன்றுவிடுகிறார்கள்?" என்று நம்மில் பலர் கேட்போம். பெரும்பாலும் இதுதான் பதில்.

அமெரிக்காவில் ரஃபியன் என்று ஒரு கறுப்புப் பெண் குதிரை இருந்தது. 1972 ஏப்ரல் 17-இல் பிறந்து, 1974 மே மாதம், 25 மாத வயதில், முதல் பந்தயத்தில் ஓடியது. அதே ஆண்டு பின்னங்காலில் மெல்லிய விரிசல் விழுந்ததால் ஓய்வு கொடுத்து, அடுத்த ஆண்டு மறுபடி ஓடவிட்டார்கள். தொடர்ந்து 10 பந்தயங்கள், 10 வெற்றிகள். 1975 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில், அந்த ஆண்டு கென்டக்கி டெர்பி ஜெயித்த ஃபூலிஷ் பிளஷர் என்ற ஆண் குதிரையுடன் தனிப் போட்டி வைத்தார்கள். நேரில் பார்த்தவர்கள் மட்டும் சுமார் 50,000 பேர்.

பாதித் தூரம்கூடப் போகவில்லை. ரஃபியன்தான் முன்னால் இருந்தது. அப்போது வலது முன்னங்காலின் கணு மூட்டுக்குப் பின்னால் இருக்கும் செசமாய்டு எலும்புகள் இரண்டும் முறிந்தன. எள் போலச் சிறியவை என்பதால் வந்த பெயர் அது. ஜாக்கி நிறுத்தப் பார்த்தும் அது முறிந்த காலோடு ஓடிக்கொண்டே இருந்தது. அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளியத் தொடங்கியதும், இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போலப் படுத்தபடியே கால்களை உதைத்துக் கட்டை உடைத்துக்கொண்டது. விடியும் முன் அதற்குக் கருணைக்கொலை செய்தார்கள்.

மயக்கம் தெளியும் குதிரையை நீச்சல் குளம் போன்ற தொட்டியில் மிதக்கவிடும் முறை பிறகு வந்தது. 2006-இல் டெர்பி ஜெயித்த பார்பரோ என்ற குதிரை, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியபோது அப்படித்தான் கண் விழித்தது. எலும்பும் ஓரளவு சேர்ந்தது. ஆனால் இடது பின்னங்கால் குளம்பு கெட்டது, பிறகு முன்னங்கால்களும் கெட்டன. 8 மாதம் போராடி, 2007 ஜனவரி 29-இல் அதையும் இழந்தார்கள். நான் மேலே சொன்ன பாரத்தின் கதைதான் இது.

"அப்படியானால் 2 வயதில் ஓடவிடுவதைத் தடை செய்தால் போதுமே" என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். படிக்கப் படிக்க விஷயம் அத்தனை எளிதல்ல என்று தெரிந்தது. குதிரையின் முதுகெலும்பு வளர்ந்து முடிய 5 வயதுக்கும் மேல் ஆகும் என்பது உண்மை. ஆனால் அதிகம் முறிகிற கணு மூட்டுப் பகுதியில் வளர்ச்சி ஏறத்தாழ ஒரு வயதிலேயே முடிந்துவிடுகிறது. அமெரிக்கப் பதிவுகளின்படி ஓட்டத்தில் இறக்கும் விகிதம் 2 வயதுக் குதிரைகளில், மூத்தவற்றைவிடக் குறைவு. இளமையில் அளவான ஓட்டம் எலும்பை உறுதியாக்குகிறது என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. நோஞ்சான் குதிரை முதலிலேயே கழிக்கப்பட்டுவிடும். ஓடுபவற்றை மட்டும் எண்ணினால் கணக்கு அழகாகத்தான் தெரியும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1990 முதல் பந்தயத் திடல்களில் இறந்த குதிரைகளைப் பிரேதப் பரிசோதனை செய்கிறார்கள். பெரும்பாலான முறிவுகள், அதே இடத்தில் முன்பே இருந்த சிறு பாதிப்பின் மேல்தான் நிகழ்ந்தன என்று அதில் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. அது ஆற வாரங்கள், மாதங்கள் வேண்டும். அதற்குள் அடுத்த பந்தயம் வந்துவிடுகிறது. லேசாக நொண்டினால் வலி மருந்து கொடுத்து ஓடவிட்டால், எச்சரிக்கை மணியையே அணைத்தது போல. இளங்குதிரைக்கு அவசரம் கெடுதல் செய்வது இப்படித்தான். டெர்பி வருடத்துக்கு வருடம் வரும். ஆனால் ஒரு குதிரைக்கு 3 வயது ஒருமுறைதான் வரும். அதைத் தவறவிட யாருக்கும் மனம் வராது.

நல்ல செய்தியும் உண்டு. கலிஃபோர்னியாவின் சாண்டா அனிட்டா திடலில் 2018 டிசம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூன் வரை 30 குதிரைகள் இறந்தன. நாடே கொதித்தது. ஓட்டத்துக்கு முன் கால்நடை மருத்துவர் பரிசோதனை, மருந்துக் கட்டுப்பாடு எல்லாம் இறுகின. 2009-இல் அமெரிக்காவில் 1,000 ஓட்டங்களுக்கு 2 குதிரைகள் இறந்தன. 2022-இல் அது 1.25 ஆகக் குறைந்தது. எண்ணி எழுதத் தொடங்கியதால்தான் குறைக்கவும் முடிந்தது என்று இந்தப் பழைய குமாஸ்தாவுக்குத் தோன்றுகிறது.

நம் மாநிலத்தில் 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்ததும், 1996-இல் உச்ச நீதிமன்றம் அது திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்ததும் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அது சூதாட்டமா, திறமையா, பணம் கட்டுபவர் குடும்பம் என்ன ஆகும் என்பதுதான் பேச்சாக இருந்தது. தேவையான பேச்சுதான். ஆனால் ஓடுகிற காலைப் பற்றி அன்று நம் வீடுகளில் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பச்சைத் திரை எதற்கு என்று எனக்கு இப்போது தெரியும். குதிரையை நாம் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான். ஆனால் அன்று திரையே தேவைப்படவில்லை. நாங்கள் எல்லோரும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். உங்களில் யாராவது பந்தயத்துக்குப் போக நேர்ந்தால், புத்தகத்தில் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் வயதையும் ஒருமுறை பாருங்கள். நான் அதை ஓட்டம் முடிந்த பிறகுதான் பார்த்தேன்.