கே.சி.எஸ். பணிக்கரும் சோழமண்டலமும்: கைவினையும் கருத்தும்

கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) தென்னிந்திய நவீன ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவர். ஓவியர், ஆசிரியர், அமைப்பாளர். கலைஞனுக்குக் கைத்திறன் முக்கியமா, கருத்து முக்கியமா என்ற கேள்விக்குத் தன் ஓவியங்கள் வழியாகவும், 1966 ஆம் ஆண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் வழியாகவும் விடை தேடியவர்.

பின்னணி

கைவினை வேறு, கலை வேறு என்ற பிரிவினை சென்னைக்கு ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியே பின்னர் சென்னை கலை, கைத்தொழில் பள்ளியாக வளர்ந்தது. மண்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை போன்ற தொழில்கள் அங்கு கற்பிக்கப்பட்டன. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கியதும் இப்பள்ளியில்தான். 1929 இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வரான பிறகு ஓவியமும் சிற்பமும் முதலிடம் பெற்றன. ஒரே வளாகத்தில் இருந்தபோதும் ஓவியம் படித்தவர் கலைஞர், உலோகம் படித்தவர் தொழிலாளி என்ற எண்ணம் நிலைத்தது.

பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தித் துறையில் பணியாற்றிய பின்னரே கலைப்பள்ளியில் சேர்ந்தார். படிப்பை முடித்து அங்கேயே ஆசிரியரானார். 1944 இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். ராய் சௌத்ரிக்குப் பின் 1957 இல் பள்ளியின் முதல்வரானார்.

வாழ்வாதாரச் சிக்கல்

அன்றைய சென்னையில் நவீன ஓவியங்களை வாங்குவோர் மிகச் சிலரே. பள்ளியை விட்டு வெளியேறும் மாணவர்களுக்கு இரண்டு வழிகளே தென்பட்டன. ஓவியத்தைக் கைவிட்டு வேறு வேலைக்குப் போகலாம், அல்லது வாங்குபவர் விரும்புவதை வரையலாம். இரண்டிலும் கலை அழியும் என்று பணிக்கர் கருதினார்.

அவர் கண்ட தீர்வு எளிமையானது. கலைஞன் கைவினைப் பொருட்கள் செய்து விற்று வயிற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓவியம் விலைபோக வேண்டிய கட்டாயம் நீங்கினால் அவன் தன் மனம்போல வரையலாம். இதற்காகக் கலைஞர்களின் கைவினைச் சங்கம் ஒன்று உருவாக்கப்பட்டது. துணியில் உருக்கிய மெழுகால் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்கும் பாத்திக் வேலை அவர்களுக்குக் கைகொடுத்தது. இத்தகைய பொருட்களை விற்ற பணத்தில்தான் சோழமண்டலத்தின் நிலம் வாங்கப்பட்டது. ஓலைக்குடிசைகளில் தொடங்கிய அக்கிராமத்தைக் கலைஞர்கள் தங்கள் உழைப்பாலேயே நிலைநிறுத்தினர்.

சொற்களும் குறியீடுகளும்

1954 இல் லண்டனிலும் பாரிஸிலும் பணிக்கரின் ஓவியக் கண்காட்சிகள் நடைபெற்றன. வான்கோ போன்றோரின் தாக்கம் அவரது அக்கால ஓவியங்களில் உண்டு. இந்திய ஓவியன் ஐரோப்பிய நவீனத்தின் நிழலாக நின்றுவிடக் கூடாது என்ற எண்ணம் அவருள் வலுப்பெற்றது. 1963 வாக்கில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை இந்தத் தேடலின் விளைவு.

மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டுப் புத்தகத்தில் நெருக்கமாக இருந்த எழுத்துகளும் எண்களும் வடிவங்களும் இவ்வரிசைக்குத் தூண்டுதலாயின. பின்னர் மலையாள எழுத்துகள், ஜாதகக் கட்டங்கள், சோதிடக் குறிகள் ஆகியவை அவரது ஓவியப்பரப்பை நிரப்பின. அந்த எழுத்துகளைப் படித்துப் பொருள் காண முடியாது. படிப்பதற்காக அல்லாமல் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை அவை. அவரது கருத்து, சுவடி எழுதுபவரிடமும் ஜாதகம் கணிப்பவரிடமும் உள்ள கைப்பழக்கத்தின் தோற்றத்தில்தான் வெளிப்பட்டது.

ஏறத்தாழ இதே காலத்தில், 1967 இல், அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட் கருத்தே கலையின் மையம், செய்துமுடிப்பது அதற்கு அடுத்ததே என்று கட்டுரை எழுதினார். நியூயார்க்கில் கருத்து கையிலிருந்து விலகத் தொடங்கிய ஆண்டுகளில், ஈஞ்சம்பாக்கத்தில் கையே கருத்துக்கு இடம் தேடிக் கொடுத்தது.

உலோகத்தில் கரைந்த எல்லை

பணிக்கரின் ஏற்பாட்டில் கைவினை வருமானத்துக்கு, ஓவியம் படைப்புக்கு என்ற பாகுபாடு இருந்தது. கைவினையைக் கலையின் ஊழியனாக வைக்கும் பார்வை இது என்று வாதிட இடமுண்டு. ஆனால் அவரைச் சூழ்ந்திருந்த சிற்பிகளின் கையில் அந்த எல்லை கரைந்தது. கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் உலோகக் கவசங்களைக் கூர்ந்து கவனித்த பி.வி. ஜானகிராம், தகட்டை அடித்து வளைத்து நவீனச் சிற்பங்களைச் செய்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பு, பித்தளைத் தகடுகளைப் பற்றவைத்து, முன்புறமிருந்து பார்க்கும் வகையிலான சிற்பங்களை உருவாக்கினார். கன்னார் வேலைக்கு உரிய தட்டலும் வளைத்தலும் இச்சிற்பங்களின் மொழியாகவே மாறிவிட்டன.

மதிப்பீடு

சோழமண்டலம் கலைப்பள்ளியில் பயின்றவர்கள் அமைத்த குடியிருப்பு. மரபுவழிக் கைவினைஞர்களின் ஊர் அல்ல. ஆகவே பிறப்பால் கன்னாராகவோ தச்சராகவோ இருப்பவருக்குக் ‘கலைஞர்’ என்ற பெயர் ஏன் எளிதில் கிடைப்பதில்லை என்ற கேள்விக்கு அக்கிராமம் முழு விடை அளிக்கவில்லை.

எனினும் அரசு உதவியையோ செல்வந்தர் ஆதரவையோ எதிர்பார்த்து நிற்காமல், கலைஞன் தன் கைத்தொழிலால் தன் சுதந்திரத்தைச் சம்பாதிக்க முடியும் என்பதை அது நடைமுறையில் காட்டியது. பணிக்கர் 1967 இல் பணி ஓய்வு பெற்று, சோழமண்டலத்துடன் தன் இறுதிக் காலம் வரை இணைந்திருந்தார். அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கடந்தும் அங்கே கலைஞர்கள் வாழ்கிறார்கள், பட்டறைகளில் வேலை நடக்கிறது.