இருளில் நீடித்து ஒளிரும் சிவப்பு: தடையாக இருப்பவை எவை?

கனடாவின் டொரன்டோ நகரிலுள்ள பழைய கட்டடங்கள் பலவற்றில், வெளியேறும் வழியைக் காட்டும் பலகைகள் 'எக்ஸிட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சிவப்பு எழுத்துகளில் தாங்கி நிற்கின்றன. புதிய கட்டடங்களில் அந்த இடத்தில், பச்சைப் பின்னணியில் ஓடும் மனித உருவம் இருக்கிறது. ஒன்டாரியோ மாகாணத்தின் புதிய கட்டட விதிகள் 2014ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தபோது ஏற்பட்ட மாற்றம் இது.

எந்த மொழி பேசுபவருக்கும் புரியக்கூடிய குறியீடு வேண்டும் என்பதே இம்மாற்றத்தின் நோக்கம். ஆனால், விளக்கொளியை உள்வாங்கிச் சேமித்து, மின்சாரம் நின்றபின் தாமாகவே ஒளிரும் பலகைகளுக்கும் இது பொருத்தமாக அமைந்துவிட்டது. பச்சை நிறத்தில் மணிக்கணக்கில் ஒளிரக்கூடிய உறுதியான பொருள் ஏற்கனவே உண்டு. சிவப்பில் அதற்கு ஈடான ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் இவ்வகைப் பொருட்களின் வரலாறு செந்நிறத்திலிருந்துதான் தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த வின்சென்சோ கஷியரோலோ என்ற ரசவாதி, தனக்குக் கிடைத்த கனமான கல் ஒன்றைக் கரியுடன் சேர்த்துச் சுட்டார். பகலொளி பட்ட அந்தக் கல் பின்னர் இருட்டில் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தது. தங்கம் செய்யும் வழி கிடைத்துவிட்டதாகக் கூட அப்போது நம்பப்பட்டது. உண்மையில் உருவாகியிருந்தது பேரியம் சல்பைடு. அதில் கலந்திருந்த மிகச் சிறிதளவு செம்பே ஒளிக்குக் காரணம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஈரக்காற்று பட்டால் அது சிதைந்துவிடும். நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் சிவப்பு ஒளிர்பொருட்கள் பலவற்றின் குறை இதுவே.

பச்சை நிறத்தின் பிரச்சினை 1990களில் தீர்ந்தது. ஜப்பானின் நெமோட்டோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் ஆகிய தனிமங்களைச் சிறிதளவு சேர்த்த ஸ்ட்ரோன்சியம் அலுமினேட் என்ற பொருளை உருவாக்கினார்கள். அதுவரை பயன்பட்டுவந்த துத்தநாக சல்பைடைவிடப் பன்மடங்கு பிரகாசமாகவும் நீண்ட நேரமும் அது ஒளிர்ந்தது. ஒளி படும்போது இதிலுள்ள எலக்ட்ரான்களில் ஒரு பகுதி, படிகத்துக்குள் இருக்கும் பொறி போன்ற இடங்களில் சிக்கிக்கொள்கின்றன. சுற்றுப்புற வெப்பம் அவற்றைச் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. விடுபட்டவை யூரோப்பியத்தை வந்தடையும்போது ஒளி பிறக்கிறது. டொரன்டோவின் குளிர்காலத்தில் திறந்த வெளியில் வைக்கப்படும் இத்தகைய பொருள் மங்கித் தெரிவதற்கும் இதுவே காரணம்: குளிரில் எலக்ட்ரான்கள் மெதுவாகவே விடுபடுகின்றன.

அப்படியானால் சிவப்புக்கு என்ன தடை?

முதல் தடை நம் கண்ணிலேயே இருக்கிறது. நல்ல இருட்டில் பார்வைக்கு உதவுபவை விழித்திரையிலுள்ள கோல் வடிவ உயிரணுக்கள். இவை நீலப்பச்சை நிறத்தை, அதாவது 507 நானோமீட்டர் அலைநீளத்தை, மிக நன்றாக உணர்கின்றன. ஸ்ட்ரோன்சியம் அலுமினேட்டின் ஒளி 520 நானோமீட்டர் அளவில் இருப்பதால் அதுவும் நன்றாகவே தெரியும். ஆனால் 620 நானோமீட்டர் சிவப்பு ஒளியை இந்த உயிரணுக்கள் உணரும் திறன், 520 நானோமீட்டர் ஒளியை உணர்வதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டும் ஒரே அளவு ஆற்றலை வெளியிட்டாலும், இருளுக்குப் பழகிய கண்ணுக்குச் சிவப்பு வெகு சீக்கிரம் மறைந்துவிடும். ஆய்வுக்கூடக் கருவி 'இன்னும் ஒளிர்கிறது' என்று காட்டும் நேரத்தில், புகை சூழ்ந்த படிக்கட்டில் நிற்பவருக்கு அது பயன்படாது.

இரண்டாவது தடை வேதியியல் சார்ந்தது. யூரோப்பியம் சேர்த்த கால்சியம் சல்பைடு நல்ல சிவப்பைத் தரும். சாதாரண விளக்கொளியையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஈரம் பட்டால் அழுகிய முட்டையின் நாற்றம் கொண்ட வாயுவை வெளியிட்டுச் சிதையும். மாறாக, பழைய வண்ணத் தொலைக்காட்சிக் குழாய்களில் சிவப்பு நிறத்தைத் தந்துவந்த இட்ரியம் ஆக்ஸிசல்பைடு அதைவிட உறுதியானது. மக்னீசியம், டைட்டானியம் ஆகியவற்றையும் சேர்த்தால் அது இருளில் சில மணி நேரம் ஒளிரும். ஆனால் அதற்குப் புற ஊதாக் கதிர்கள் தேவை. இன்றைய அலுவலகங்களின் எல்இடி விளக்குகளில் புற ஊதாக் கதிர்கள் ஏறக்குறைய இல்லை. கெடாமல் நிற்பதற்கு ஒளியூட்டுவது கடினம், எளிதில் ஒளியூட்டப்படுவது கெட்டுப்போகிறது என்ற இந்த முரண்பாடே ஆய்வாளர்களை நீண்டகாலமாக அலைக்கழித்து வருகிறது. பச்சை ஒளிர்பொருளின் மீது சிவப்புச் சாயம் பூசுவது ஒரு குறுக்குவழி. ஆனால் நிறமாற்றத்தில் ஒளியின் ஒரு பகுதி வீணாகும், வெயிலில் சாயமும் வெளுக்கும்.

ஒளியூட்டத் தேவையே இல்லாத பொருள் ஒன்றும் ஒரு காலத்தில் இருந்தது. ஒட்டும் ஒளிர்தாள்களைத் தமிழ்நாட்டில் இன்றும் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்றுதான் அழைக்கிறார்கள். அவற்றில் ரேடியம் கிடையாது. ஆனால் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களின் கருவி முகப்புகளில் உண்மையாகவே ரேடியம் பூசப்பட்டது. அதன் கதிரியக்கம் துத்தநாக சல்பைடை இரவும் பகலும் ஒளிரச் செய்தது. கனடாவின் வடக்கே, கிரேட் பேர் ஏரிக்கரையில் கில்பர்ட் லபைன் 1930ல் கண்டறிந்த தாதுவிலிருந்து, டொரன்டோவுக்குக் கிழக்கே உள்ள போர்ட் ஹோப் நகரில் ரேடியம் பிரித்தெடுக்கப்பட்டது.

அதன் விளைவுகள் டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலும் வெளிப்பட்டன. இன்று தமிழர்கள் பலரும் வாழும் மால்வெர்ன் பகுதியில், 1940களில் ரேடியத்தை மீட்டெடுக்கும் பணி நடந்த பண்ணை நிலம் பிற்காலத்தில் குடியிருப்பானது. அங்கு மெக்ளூர் கிரசென்ட் தெருவின் மண்ணில் ரேடியக் கலப்பு இருப்பது 1980ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1990ல் அருகிலுள்ள மெக்லெவின் அவெனியூவிலும் அது கண்டறியப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில்தான் துப்புரவுப் பணி நடந்தது. ரேடியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும்; அதனுடன் கலந்த துத்தநாக சல்பைடோ சில ஆண்டுகளிலேயே ஒளிரும் திறனை இழந்துவிடும். ஒளி போய்விட்டது, கதிரியக்கம் மண்ணில் தங்கிவிட்டது. சிவப்பு ஒளிர்பொருளைத் தேடுவோர் பிரகாசத்தைப் போலவே, நச்சின்மையையும் நிலைப்புத்தன்மையையும் வலியுறுத்துவது இந்தப் பின்னணியில்தான்.

அண்மைக் காலத்தில் நம்பிக்கை தருபவை நைட்ரைடு வகைப் பொருட்கள். சல்பைடைப் போல ஈரத்தால் எளிதில் சிதையாதவை இவை. யூரோப்பியம், தூலியம் சேர்த்த கால்சியம் சிலிக்கான் நைட்ரைடு சாதாரண வெள்ளொளியிலேயே ஒளியூட்டம் பெற்று, செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்கிறது. மிக உயர்ந்த வெப்பநிலையில், காற்றின் ஆக்ஸிஜன் படாமல் தயாரிக்க வேண்டியிருப்பதால் இவற்றுக்குச் செலவு அதிகம்.

இதற்கிடையே ஆய்வின் ஒரு கிளை, மனிதக் கண்ணையே விட்டு விலகிவிட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குரோமியம் கலந்த ஒரு பொருளை 2011ல் அறிவித்தார்கள். சில நிமிடங்கள் ஒளி பட்டால் இரண்டு வாரங்கள்வரை அது ஒளிரும். ஆனால் அதன் ஒளி பெருமளவு அகச்சிவப்பில் இருப்பதால், இரவுப் பார்வைக் கருவி வழியாகத்தான் அதைப் பார்க்க முடியும். உடல் திசுக்களை ஓரளவு ஊடுருவும் அந்த ஒளியைக் கொண்டு புற்றுநோய்க் கட்டிகளை அடையாளம் காண முடியுமா என்று விலங்குகளில் சோதனைகள் நடந்துள்ளன.