ஐந்தாவது பின்: ஓடிஜி பிறந்த கதை

திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் செல்போன் உதிரிபாகக் கடையில் "ஓடிஜி இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மைக்ரோவா, டைப் சியா?" பதில் வந்ததும் டெம்பர் கிளாஸ் அடுக்குக்கும் இயர்போன் கொத்துக்கும் நடுவிலிருந்து கட்டைவிரல் அகலமே உள்ள ஒரு பொருளை எடுத்து வைப்பார். ஒரு பக்கம் போனில் செருகும் முனை. மறுபக்கம் பென் டிரைவ் நுழையும் வாய். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து, போன் நிறைய வீடியோ எடுத்தவர்கள் அதைப் பென் டிரைவுக்கு மாற்ற இதை வாங்குகிறார்கள். பிள்ளைகள் போனில் கேம் பேட் மாட்ட வாங்குகிறார்கள். கையடக்க கேம் கருவி வைத்திருப்பவர்களுக்கு கீபோர்டும் மவுஸும் இணைக்க இது எளிய வழி.

விலை குறைந்த பொருள் என்பதால் யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் கைக்குள் அடங்கும் ஒரு கருவி இன்னொரு கருவியை ஆள முடியும் என்ற நிலை இதோடுதான் பரவலாக வந்தது. அதற்கு முன் கேம் கருவியும் கேமராவும் போனும் கணினிக்கு அடங்கியே இருந்தன.

கேம் கருவிகளின் பழைய காலத்தைப் பார்த்தால் இதன் அருமை புரியும். 1989-இல் நின்டென்டோ நிறுவனம் கேம் பாய் கருவியைக் கொண்டுவந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆட, பக்கவாட்டில் லிங்க் கேபிளுக்கு ஒரு துளை. அந்தத் துளையின் வடிவமும் நின்டென்டோவுடையது, அதில் ஓடும் மின்குறிகளும் நின்டென்டோவுடையவை. 1998-இல் அதற்கென்றே கேமராவும் சிறிய பிரின்டரும் விற்பனைக்கு வந்தன. இரண்டையும் வேறு எந்தக் கணினியிலும் நேரடியாக மாட்ட முடியாது. கருவி பழசானால் துணைச்சாமானும் பழசு. வாங்கியவரின் காசு அதோடு போயிற்று.

மேசைக் கணினியின் நிலையும் அன்று சொல்லும்படி இல்லை. கீபோர்டுக்கு வட்டத் துளை, மவுஸுக்கு சீரியல் போர்ட், பிரின்டருக்கு 25 பின் கொண்ட நீண்ட போர்ட், ஜாய்ஸ்டிக்குக்கு 15 பின் கேம் போர்ட். மாட்டிய பின் கணினியை நிறுத்தி மறுபடி இயக்க வேண்டும். அப்போதும் வேலை செய்யும் என்று உறுதி இல்லை.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியதில் முன்நின்றவர் குஜராத்தின் வடோதராவில் படித்து, நியூயார்க்கில் மேற்படிப்பு முடித்து, 1990-இல் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்த அஜய் பட். வீட்டில் ஒரு பிரின்டரை இணைக்கக் குடும்பத்தார் பட்ட பாடே தன்னை யோசிக்க வைத்தது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பேக், டெக், என்.இ.சி., நார்டெல் என்ற ஏழு நிறுவனங்கள் கைகோத்தன. 1996 ஜனவரியில் யூஎஸ்பியின் முதல் பதிப்பு வெளியானது. நான்கே கம்பிகள், கணினியில் ஒரே வடிவத் துளை, 127 கருவிகள் வரை. 1998-இல் ஆப்பிளின் ஐமேக், கீபோர்டு, மவுஸுக்கான பழைய துளைகளைக் கைவிட்டு யூஎஸ்பிக்கு மாறியது. அதன் பிறகு மற்றவர்களும் வேகமாகப் பின்தொடர்ந்தார்கள். அஜய் பட்டும் பாலா சுதர்சன் கடாம்பியும் உட்பட்ட இன்டெல் குழுவுக்கு 2013-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது.

ஆனால் யூஎஸ்பியின் அடிப்படை விதி ஒன்று கையடக்கக் கருவிகளுக்குத் தடையாக நின்றது. யூஎஸ்பியில் ஒருவர்தான் தலைவர். ஆங்கிலச் சொல்லையே எடுத்து நம் ஊர்த் தொழில்நுட்பக்காரர்களும் அதை "ஹோஸ்ட்" என்பார்கள். மாட்டப்படும் கருவி தானாக வாய் திறக்காது. வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுப்பதுபோல, ஹோஸ்ட் ஒவ்வொரு கருவியையும் ஒரு நொடிக்குள் பலமுறை கேட்டுக்கொண்டே இருக்கும்: "சொல்ல ஏதாவது உண்டா?" கேம் பேடில் நீங்கள் பொத்தானை அழுத்திய செய்தி, அடுத்த முறை கேள்வி வரும்போதுதான் போய்ச் சேர்கிறது. 5 வோல்ட் மின்சாரம் தருவதும் ஹோஸ்டின் பொறுப்பு.

இது யோசித்துச் செய்த ஏற்பாடு. கனமான வேலையை எல்லாம் கணினியின் தலையில் போட்டதால்தான் மவுஸும் கீபோர்டும் மலிவாகக் கிடைத்தன. கேபிளின் இரு முனைகளையும் வெவ்வேறு வடிவில் செய்ததற்கும் காரணம் உண்டு. தட்டையான 'ஏ' முனை ஹோஸ்டுக்கு, 'பி' முனை கருவிக்கு. மின்சாரம் தரும் இரண்டு ஹோஸ்டுகளை யாரும் தெரியாமல் நேருக்கு நேர் மாட்டிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

விளைவு என்ன? டிஜிட்டல் கேமராவில் 'பி' வகைத் துளை, பிரின்டரிலும் 'பி' வகைத் துளை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு கணினி வேண்டியிருந்தது. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த சோனியின் பி.எஸ்.பி. என்ற கையடக்க கேம் கருவி நல்ல உதாரணம். அதன் தலையில் மினி 'பி' துளை இருந்தது. கணினியில் மாட்டினால் மெமரி கார்டாகத் தெரியும். கடையில் கிடைக்கும் சாதாரண கீபோர்டையோ மவுஸையோ அதில் மாட்டிப் பயன்படுத்த வழி தரப்படவில்லை. சோனியே அதற்கென்று விற்ற கேமரா போன்ற துணைச்சாமான்கள்தான் அந்தத் துளையில் வேலை செய்தன.

இந்தத் தடையை உடைக்கும் விதி 2001 டிசம்பரிலேயே எழுதப்பட்டிருந்தது. யூஎஸ்பி 2.0-க்குத் துணை விதியாக வந்த அதன் பெயர் 'ஆன் தி கோ'. சுருக்கமாக ஓடிஜி. ஒரே துளை, சமயத்துக்கு ஏற்றபடி ஹோஸ்டாகவும் கருவியாகவும் இருக்கலாம் என்று அது அனுமதித்தது.

எந்தச் சமயத்தில் எது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? அதற்குச் செய்த ஏற்பாட்டை ஒரு மைக்ரோ யூஎஸ்பி முனையைப் பிரித்தாலே பார்க்கலாம். உள்ளே ஐந்து பின்கள். முதல் பின்னில் சிவப்புக் கம்பி, 5 வோல்ட். அடுத்து வெள்ளையும் பச்சையும், தகவல் போகும் வழி. ஐந்தாவது இடத்தில் கறுப்பு, கிரவுண்ட். வரிசையில் நான்காவதாக நிற்பதுதான் பழைய நான்கு கம்பிகளுக்கு மேல் புதிதாக வந்த ஐந்தாவது பின். சாதாரண சார்ஜிங் கேபிளில் அந்தப் பின்னில் எந்தக் கம்பியும் இருக்காது. ஓடிஜி கேபிளில் அது பக்கத்திலுள்ள கிரவுண்டோடு ஒட்டப்பட்டிருக்கும். அவ்வளவுதான் வேறுபாடு. முனை உள்ளே போனதும், போன் அந்தப் பின்னைச் சோதிக்கிறது. கிரவுண்ட் தென்பட்டால் "நான்தான் ஹோஸ்ட்" என்று முடிவெடுத்து மின்சாரத்தை வெளியே விடுகிறது. ஒரு சொட்டு ஈயப்பற்றில் ஒரு கருவியின் பதவி மாறுகிறது.

மின்சாரம் என்றதும் இன்னொரு சிக்கல். மேசைக் கணினியின் யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரை தரும். கையடக்கக் கருவியின் பேட்டரியோ 3.7 வோல்ட் அளவுதான். அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றிக் கொடுக்க உள்ளே தனிச் சுற்று வேண்டும். கொடுத்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அதனால் முதல் ஓடிஜி விதி, குறைந்தது 8 மில்லி ஆம்பியர் தந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தது. பென் டிரைவ் படிக்கும் அதே கருவி, ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் மௌனமாக இருப்பதும், விளக்கு எரியும் கேமிங் கீபோர்டு மாட்டினால் விட்டுவிட்டு வேலை செய்வதும் பெரும்பாலும் இந்த மின்சாரப் பற்றாக்குறையால்தான். தனி சார்ஜரில் ஓடும் யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைத்தால் சரியாகிவிடும்.

கையடக்க கேம் கருவிகளில் இந்த வசதியைத் தேடிப் போனவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்ல. 2005-இல் தென்கொரியாவிலிருந்து வந்த ஜி.பி.2எக்ஸ், இரண்டு பென்டார்ச் செல்லில் ஓடிய லினக்ஸ் கருவி. கிரேடில் என்ற தாங்கியைத் தனியே வாங்கி இணைத்தால் யூஎஸ்பி துளைகள் கிடைத்தன. அதைப் பயன்படுத்திய ஆர்வலர்களில் சிலர், நமக்கு வேண்டியதை நாமே செய்வோம் என்று கிளம்பி உருவாக்கியதுதான் பண்டோரா. 2008 செப்டம்பரில் முன்பதிவு தொடங்கி, 2010-இல் முதல் கருவிகள் கைக்கு வந்தன. கேம் பொத்தான்களோடு சிறிய கீபோர்டும் உண்டு. முழு அளவு யூஎஸ்பி துளை ஒன்று, ஓடிஜி மினி துளை ஒன்று. மவுஸ் மாட்டினால் மேசைக் கணினி, கேம் பேட் மாட்டினால் விளையாட்டுக் கருவி. சில ஆயிரம் மட்டுமே விற்றாலும், கையடக்க கேம் கருவி ஒரு முழுக் கணினியாக இருக்க முடியும் என்பதை அது காட்டியது.

மக்கள் கைக்கு ஓடிஜி வந்தது போன் வழியாக. 2010-இல் நோக்கியா என்8 ஓடிஜி வசதியோடு வந்தது. 2011 மே மாதம் ஆண்ட்ராய்டு 3.1 பதிப்பு யூஎஸ்பி ஹோஸ்ட் வசதியைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. கேம் பேடையும் கீபோர்டையும் தனி மென்பொருள் இல்லாமலே அடையாளம் காண முடிந்தது. அங்கிருந்து சில ஆண்டுகளில் ஓடிஜி நம் ஊர் செல்போன் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது.

மைக்ரோ காலத்தில் ஒரு குறை மீதம் இருந்தது. துளை ஒன்றே ஒன்று. அதில் கேம் பேட் மாட்டினால் சார்ஜ் போட இடமில்லை. 2014 ஆகஸ்டில் வெளியான டைப் சி இதைத் தீர்த்தது. 24 பின்கள், எப்படித் திருப்பினாலும் நுழையும் முனை. ஐந்தாவது பின்னின் வேலையை இங்கே இரண்டு தனிப் பின்களும் 5.1 கிலோ ஓம் மின்தடையும் பார்க்கின்றன. மின்சாரம் தருவது யார், தலைமை தாங்குவது யார் என்ற இரண்டு கேள்விகளையும் டைப் சி தனித்தனியாகப் பிரித்ததுதான் பெரிய மாற்றம். தகுந்த ஹப் இருந்தால் கருவி மின்சாரத்தை வாங்கிக்கொண்டே ஹோஸ்டாகவும் இருக்கலாம். 2017 மார்ச்சில் வந்த நின்டென்டோ ஸ்விட்ச் டைப் சியோடு வந்தது. அதை டி.வி.யோடு இணைக்கும் டாக் என்ற தாங்கியில் மூன்று யூஎஸ்பி துளைகள். லிங்க் கேபிளுக்குத் தனித் துளை வைத்த அதே நிறுவனம் 28 ஆண்டுகளில் பொதுத் துளைக்கு வந்துவிட்டது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவி, ஒரே டைப் சி துளையில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், சார்ஜர் எல்லாவற்றையும் ஏற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த டைப் சி கட்டாயப் பட்டியலில் போனோடு கையடக்க கேம் கருவியும் இருக்கிறது.

தமிழருக்கு இதில் சிறப்பாக ஒரு லாபம் உண்டு. யூஎஸ்பி கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணைத்தான் அனுப்புகிறது. ஆங்கில 'ஏ' அச்சிட்ட விசையை அழுத்தினால் போவது 4 என்ற எண். அதை எந்த எழுத்தாகக் காட்டுவது என்று முடிவெடுப்பது ஹோஸ்ட். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை முறையைக் கருவியில் தேர்ந்தெடுத்தால், அதே விசை 'அ' எழுதும். தனித் தமிழ்க் கீபோர்டு வாங்க வேண்டியதில்லை. ஒரு ஓடிஜியும் சாதாரண கீபோர்டும் இருந்தால், மாலையில் விளையாடிய கருவியிலேயே ஒரு மாணவி தமிழில் கட்டுரை எழுதலாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று வார்த்தை. திருவிழாக் கடைகளில் கிடைக்கும் '400 கேம்' கருவிகளில் யூஎஸ்பி துளையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பலவற்றில் அது சார்ஜ் போட மட்டுமே. உள்ளே ஹோஸ்ட் ஆகும் சிப்பு இல்லாவிட்டால் எந்த ஓடிஜியும் உதவாது. கடையிலேயே ஒரு பென் டிரைவையோ மவுஸையோ மாட்டிப் பார்த்து வாங்குங்கள். புதிதாகக் கருவி வாங்கினால், அந்த நிறுவனத்தின் துணைச்சாமானை மட்டும் ஏற்பதை விடுத்து, யாருடைய கேம் பேடையும் கீபோர்டையும் ஏற்பதையே தேர்ந்தெடுங்கள். கருவி பழுதானாலும் உங்கள் கீபோர்டும் கேம் பேடும் அடுத்த கருவிக்கு உதவும்.