ஓர் எஞ்சின், இரண்டு அம்பாசிடர்கள்

எங்கள் வீட்டுக் கார் எந்த வருட மாடல் என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது. பாடி, 1990-களில் வந்த அம்பாசிடர் நோவா. உள்ளே இருக்கும் எஞ்சின், தாத்தா 1970-களின் தொடக்கத்தில் வாங்கிய மார்க் 2 வண்டியுடையது.

காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை பட்டுக்கோட்டைப் பக்கத் தென்னந்தோப்புகளை அது புரட்டிப் போட்டது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கொல்லையில் நின்ற ஒரு மரம் நேராகத் தாத்தா கார் மேல் சாய்ந்தது. கூரை, தூண், கதவு எல்லாம் போச்சு. பானெட்டுக்கு அடியில் மட்டும் ஒரு கீறல் இல்லை. அந்த எஞ்சினைத் தாத்தா சாவதற்கு முந்தின வருடம்தான் முழுசாகப் பிரித்து, போரிங் செய்து, புது பிஸ்டன் போட்டு வைத்திருந்தார். அதை இரும்புக்கடைக்குப் போட அப்பாவுக்கு மனசு வரவில்லை. எஞ்சின் ஜாம் ஆன நோவா ஒன்று மலிவாகக் கிடைத்தது.

இருபது வருடம் பிந்திய வண்டியில் பழைய எஞ்சின் உட்காருமா? மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "தம்பி, இது கம்பெனிக்காரனே செஞ்ச வேலைதான்" என்றார். அவர் சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் உண்மை!

பி.எம். பிர்லா 1942-இல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மோரிஸ் கார்களை இங்கே செய்து விற்றது. 1954-இல் இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 2 வந்தபோது அதில் புது எஞ்சின் இருந்தது. ஆஸ்டினும் மோரிஸும் 1952-இல் ஒன்றாகி பி.எம்.சி. ஆனதால் ஆஸ்டின் வழியில் கிடைத்த 'பி சீரிஸ்' எஞ்சின் அது, 1489 சிசி. வால்வுகள் சிலிண்டருக்கு மேலே ஹெட்டில் இருக்கும். நம் ஊருக்கு வந்ததோ அதே பாடி, ஆனால் பழைய 1476 சிசி எஞ்சின். அதில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதற்கு லேண்ட்மாஸ்டர் என்று பெயர். 1957-இல் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 இங்கே அம்பாசிடர் ஆனபோதும் முதலில் அதே பழைய எஞ்சின்தான். 1959-இல்தான் 55 குதிரைத்திறன் கொண்ட 1489 சிசி எஞ்சின் ஏறியது. ஆக, புது வருடப் பாடிக்குள் பழைய வருட எஞ்சின் என்பது பட்டறைக்காரர் கண்டுபிடித்தது அல்ல, தொழிற்சாலையிலேயே தொடங்கியது.

(ஒரு உபரித் தகவல்: எம்.ஜி.ஏ. என்ற அழகான ஸ்போர்ட்ஸ் கார் 1955-இல் வந்தபோது அதிலும் இதே 1489 சிசி குடும்பம்தான். கல்யாண வண்டியாக ஓடிய அம்பாசிடருக்கு இப்படி ஒரு சொந்தக்காரன் :))

அதற்குப் பிறகு மார்க் 2 (1963), மார்க் 3 (1975), மார்க் 4 (1979), நோவா (1990) என்று பெயர் மாறியது, கிரில் மாறியது, விளக்கு மாறியது. பெட்ரோல் எஞ்சின் அடிப்படையில் அதேதான். லைசென்ஸ் ராஜ் காலத்தில் வாங்குபவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள், கம்பெனி எதற்கு மாற்ற வேண்டும்? இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் எங்கள் எஞ்சின் பிழைத்தது அந்தச் சோம்பேறித்தனத்தால்தான்.

தமிழ்நாட்டில் இதைவிட விசித்திரமான கதை உண்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு சொகுசுக் காரை விட்டது. பாடி, இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. எஞ்சின், 1940-களின் பிற்பகுதியில் வந்த ஸ்டாண்டர்டு வான்கார்டு வழிவந்த 1991 சிசி. அந்த எஞ்சின் குடும்பம்தான் பெர்குசன் டிராக்டரிலும் உழுதது. உடம்பு விமானம், இதயம் டிராக்டர்! விலையும் அதிகம், இழுவையும் இல்லை. 1988-இல் கதை முடிந்தது. உட்கார்ந்துவிட்டால் மட்டும் பொருந்திவிட்டதாக ஆகாது.

அம்பாசிடரிலும் எல்லாம் எல்லாவற்றிலும் சேராது. 1980 வாக்கில் வந்த டீசல் எஞ்சினும் அதே 1489 சிசி பி சீரிஸ்தான், ஆனால் 37 குதிரைத்திறன்தான். பெட்ரோல் வண்டியில் அதை ஏற்றினால் டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாய், ஹீட்டர் பிளக், பெரிய பேட்டரி எல்லாம் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் வந்த 1817 சிசி இசுசு எஞ்சின் வேறு இனம். அதை ஐந்து கியர் பெட்டியோடு சேர்த்துத்தான் கம்பெனி கொடுத்தது. பழைய வண்டியில் வைத்தால் மவுண்டிங்கிலிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட் வரை வெட்டி ஒட்ட வேண்டும்.

எங்களுடையது எளிது. சிலிண்டரின் கம்பெனி அளவு 73 மில்லிமீட்டர் சொச்சம். தாத்தா போரிங் செய்தபோது அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன் போட்டிருந்தார். அடுத்த முறைக்கும் இடம் இருக்கிறது. அதற்குமேல் தேய்ந்தால் லைனர் இறக்கலாம். டைனமோவைக் கழற்றி நோவாவின் ஆல்டர்நேட்டரை மாட்டினார்கள், கிளட்ச் பிளேட் புதிது. இரண்டே நாள்.

கஷ்டம் காகிதத்தில் வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது நோவாவின் எஞ்சின் எண். 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் பதிவைப் புதுப்பிக்கும்போது எண்ணைப் பார்ப்பார்கள். "பழைய நம்பரை அரம் போட்டு ராவிட்டு இந்த நம்பரைக் குத்திடலாம்ண்ணே, ஐந்து நிமிஷ வேலை" என்று ஒருவர் சொன்னார். அப்பா ஒரு நிமிடம் யோசித்தார், எனக்கே தெரிந்தது. பிறகு, "அது எங்கப்பா வண்டி நம்பர். திருட்டு வண்டி மாதிரி அதை ஏன் அழிக்கணும்?" என்றார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது. அனுமதி வாங்கித்தான் எஞ்சினை மாற்ற வேண்டும். தாத்தாவின் பழைய ஆர்.சி., நோவாவின் ஆர்.சி. இரண்டையும் தூக்கிக்கொண்டு அலைந்தார். பல மாதம் கார் கொட்டகையிலேயே நின்றது.

இப்போது ஆர்.சி.யில் தாத்தா வண்டியின் எஞ்சின் எண் இருக்கிறது. உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதமே நின்றுவிட்டது. போன வாரம் முத்துப்பேட்டை வரை போய் வந்தோம். ரேடியேட்டர் ஹோஸ் மட்டும் லேசாக ஒழுகியது.