அங்காடியில் அப்பாவோடு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடினார். பட்டினப்பாலையிலோ புகார் வணிகரைப் போற்றினார். கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் அவ்வணிகர் அறியாராம். இரண்டு நூல்களையும் பாடியவர் ஒருவரே என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு 1984ஆம் ஆண்டு நினைவுக்கு வரும்.

அக்காளின் திருமணத்துக்குப் பட்டெடுக்க, செய்யாற்றங்கரையிலுள்ள மாகறலிலிருந்து அப்பாவோடு காஞ்சிபுரம் சென்றேன். காந்தி வீதிக் கடையொன்றில் அவர் பாதி விலைக்குக் கேட்டார், எழுந்து வாசல்வரை நடந்தார், அழைத்ததும் திரும்பினார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிப் பழகியவரல்லவா! எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. விலை படியவில்லை.

பிறகு பிள்ளையார்பாளையத்தில், சொந்தத் தறி வைத்திருந்த நெசவாளர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். குழித்தறியில் அவர், அருகே கரைக்கு நாடா எறிய அவர் மகன், ஏறத்தாழ என் வயதினன். உடலுக்கும் இரு கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும்; நிறம் மாறும் அவ்விடத்தில் இழைகளைப் பிணைப்பதே கோர்வை. ஒரு சேலை முடியப் பத்து நாளுக்கு மேலாகும். அவர் ஒரு விலை சொன்னார். அப்பா சிறுவனின் விரல்களையே பார்த்திருந்தார். பேரம் பேசாமல் பணத்தை எண்ணி வைத்தார்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடும்பத்தார் துணையோடு நடக்கும் தொழிற்கூடங்களுக்கு அது விலக்களித்தது. ஆகவே அத்தகைய வீட்டுத் தறிகளுக்குள் அது நுழையவில்லை.

அந்த விலையில் சிறுவனின் கூலி எவ்வளவு என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.