கட்லெட்டும் கட்சுவும்: தங்கவயல் அடுக்களை வழியே ஒரு சொல் வரலாறு

கோழியின் நெஞ்சுக்கறியைத் தட்டிப் பரப்பி, மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, ரொட்டித் தூளை ஒற்றி மொறுமொறுப்பாகப் பொரித்தெடுக்கும் பண்டம், 'சிக்கன் கட்சு' என்னும் பெயரில் இன்று இந்திய நகரங்களில் பரவிவருகிறது. ஏர் ஃபிரையர் என்னும் மின்கருவி வந்தபின், உணவகத்தில் மட்டும் கிடைத்த இப்பண்டம் வீட்டிலும் செய்யத்தக்கதாகிவிட்டது. இதனை ஜப்பானிய உணவு என்கின்றனர். அது பிழையன்று. ஆயினும் கோலார் தங்கவயலில் நின்று நோக்கினால், இது புதிதாக வந்த விருந்தாளி அன்று. வேறு திசையில் போய் வேறு பெயருடன் திரும்பிவந்த பழைய உறவு. தங்கவயலின் ஆங்கிலோ இந்திய வீடுகளில் முட்டையில் தோய்த்து ரொட்டித் தூள் ஒற்றிப் பொரித்த கட்லெட்டும் சாப்ஸும் பல தலைமுறைகளாக வழங்கியவை. இவ்விரு பண்டங்களின் உறவை முதலில் காட்டுவது சுவையன்று, சொல்.

'கட்சு' என்பது 'கட்சுரெட்சு' என்னும் சொல்லின் சுருக்கம். ஆங்கிலத்தின் 'கட்லெட்' என்னும் சொல்லை ஜப்பானியர் தம் ஒலிமரபுக்கு இசைய ஏற்றுக்கொண்ட வடிவம் அது. ஜப்பானிய மொழியில் லகர ரகர வேறுபாடு இல்லை. மூக்கொலி ஒழிந்த மெய்யில் சொல் முடிவதும் இல்லை. ஆகவே 'லெட்' என்பது 'ரெட்சு' ஆயிற்று. ஆங்கிலச் சொல்லோ பிரெஞ்சின் 'கோத்லெத்' என்பதிலிருந்து வந்தது. விலா எலும்பைக் குறிக்கும் லத்தீன் 'கோஸ்தா' அதன் மூலம். எலும்போடு கூடிய சிறு விலாத்துண்டு என்பதே முதற்பொருள்.

அதே ஆங்கிலச் சொல் தமிழுக்கு வந்தபோது வேறு வகையில் மாறியது. ஆங்கிலத்தின் நுனிநாவொலி தமிழ்ச் செவிக்கு நாமடி டகரமாகக் கேட்டமையால் 'கட்லெட்' என்று நிலைத்தது. ஒலி பெரிதும் மாறவில்லை, பொருள்தான் மாறியது. இந்தியாவில் கட்லெட் முதலில் எலும்பை இழந்து கொத்துக்கறி அடையாயிற்று. பின்னர்க் கறியையும் இழந்து உருளைக்கிழங்கு அடையாயிற்று. இரயில் நிலையங்களில் விற்கப்படும் வெஜிடபிள் கட்லெட்டில் விலா எலும்பின் நினைவு சிறிதும் இல்லை. ஜப்பானில் நேர்ந்தது இதன் மறுதலை. அங்கே பொருள் இறைச்சித் துண்டாகவே நின்றது. சொல் பாதியாகக் குறைந்தது. குறைந்த அச்சொல் 'வெல்' என்னும் வினையோடு ஒலியில் ஒன்றியது. அதனால் தேர்வுக்கு முன் மாணவர் கட்சு உண்ணும் வழக்கமும் அங்கே தோன்றியது. கடன்சொல் ஒன்று வந்த மொழியில் புது வேர் விடுவதற்கு இது நல்ல சான்று.

மேலே ஒற்றப்படும் தூளின் பெயரும் ஆராயத்தக்கது. ஜப்பானியர் அதனைப் 'பான்கோ' என்பர். 'கோ' என்பது தூள். 'பான்' என்பது ரொட்டி. போர்த்துகீசியரின் 'பாவ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துகீசியர் ஜப்பானை அடைந்தது 1543இல். இலங்கைக் கரையை அடைந்தது 1505இல். இலங்கைத் தமிழர் இன்றும் ரொட்டியைப் 'பாண்' என்றே வழங்குகின்றனர். மும்பையின் பாவும், யாழ்ப்பாணத்துப் பாணும், டோக்கியோவின் பானும் ஒரே சொல்லின் மூன்று வடிவங்கள். தமிழில் வழங்கும் 'குசினி'யும் அடுக்களையைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததே. ஆகவே கட்சுவை ஜப்பானியச் சொல் என்று மட்டும் அறிந்து நிறுத்திவிடுவது, கடல்வழி வந்த நான்கு நூற்றாண்டு வரலாற்றைக் காணாது விடுவதாகும்.

ஜப்பானில் இறைச்சி உண்பதற்கு நெடுங்காலம் பௌத்தச் சார்பான தடைகள் இருந்தன. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டதாக அறிவிக்கப்பட்டபின் மேலைநாட்டு உணவு நாகரிகத்தின் அடையாளமாயிற்று. டோக்கியோவின் கின்சா பகுதியில் 1895இல் தொடங்கப்பட்ட ரெங்காதேய் உணவகம், 1899 அளவில் பன்றிக்கறிக் கட்லெட்டை வெண்ணெயில் வாட்டுவதை விடுத்து, தெம்புரா போல மிகுந்த எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரிக்கலாயிற்று. உடன் நறுக்கிய முட்டைக்கோஸும் வைத்தது. ஐரோப்பியப் பண்டம் ஜப்பானியப் பண்டமாக மாறிய இடம் இதுவே. கோழிக் கட்சு அதன் கிளை.

ஏறத்தாழ இதே காலத்தில்தான் தங்கவயலும் உருப்பெற்றது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்க நிர்வாகத்தை ஏற்றது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் லைன் வீடுகளில் வாழ்ந்தனர். ஐரோப்பியர் பங்களாக்களில் வாழ்ந்தனர். ஆங்கிலோ இந்தியர் இவ்விரு நிலைகளுக்கும் இடையே மேற்பார்வைப் பணிகளிலும் பணிமனைகளிலும் இருந்தனர். 'சிறிய இங்கிலாந்து' என அழைக்கப்பட்ட இவ்வூரின் மேசைகளில் இங்கிலாந்தின் கட்லெட், மிளகு, பச்சைமிளகாய், இஞ்சி, கொத்தமல்லி ஆகியவற்றோடு கலந்து வேறொன்றாயிற்று. கறி அடைத்துச் சுருட்டி, ரொட்டித் தூள் ஒற்றிப் பொரிக்கும் 'பாந்த்ராஸ்' என்னும் பண்டமும் இம்மரபினதே. தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் வைட்-குமார் இச்சமையல் முறைகளைத் தொகுத்துப் பல நூல்களாக வெளியிட்டிருக்கிறார். அவை இல்லையேல் இம்மரபின் பெரும்பகுதி, நாடுவிட்டுச் சென்ற குடும்பங்களோடு சிதறிப்போயிருக்கும்.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. பங்களாவின் குசினியில் ரொட்டியை உதிர்த்தவர், முட்டையை அடித்தவர், சட்டியின் முன் நின்றவர் யார்? சென்னை மாகாணத்து ஐரோப்பிய வீடுகளில் சமையற்காரராகவும் பட்லராகவும் இருந்தோருள் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் புழங்கும் அடுக்களைக்குள் சாதி இந்துக்கள் நுழையத் தயங்கியது இதற்கு முதற்காரணம். 1878இல் சென்னையில் வெளியான 'குலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்னும் நூலை 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் எழுதினார். அக்கால ஐரோப்பியச் சமையலுக்கு அது சிறந்த ஆவணம். அந்நூலில் சமையற்காரர் எவராயினும் அவர் பெயர் 'ராமசாமி'தான். அது ஒருவரின் பெயரன்று; ஒரு வேலைக்கு இடப்பட்ட பெயர். சமையல் முறை எழுத்தேறியது. சமைத்தவர் பெயர் ஏறவில்லை.

இதற்கு ஒரு மறுதலைச் சான்றும் உண்டு. அதுவும் தங்கவயலோடு தொடர்புடையது. எல்லிஸ் துரைக்குத் திருக்குறள் ஓலைச்சுவடி கிடைத்தது, ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பனின் வழியாகவே என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய ஊர்களுள் தங்கவயல் முதன்மையானது. 1907இல் அவர் தொடங்கிய இதழுக்கு இங்கே ஊன்றிய வாசகர் இருந்தனர். அவர் மறைந்தபின், பிற்காலத்தில் 'தமிழன்' இவ்வூரிலிருந்தே வெளிவந்தது. கந்தப்பன் 'ராமசாமி'யாகக் கரைந்துபோகாமல் கந்தப்பனாகவே நிற்பதற்குக் காரணம், அவர் பேரன் கையில் எழுத்தும் அச்சும் இருந்தமையே. பட்லர் என்றால் எடுபிடி என்னும் கருத்தை அந்த ஒரு பெயர் மறுக்கிறது. சமையலறையில் நின்றவர் சுவடியையும் அறிந்தவராயிருந்தார்.

அடுப்பின் வரலாற்றையும் இதனோடு சேர்த்துக் காண வேண்டும். ஏர் ஃபிரையர் மின்சாரமின்றி இயங்காது. அந்த மின்சாரம் தென்னிந்தியாவில் முதலில் பேரளவில் வந்த இடங்களுள் ஒன்று தங்கவயல். 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பிவழி வந்த மின்சாரம் சுரங்கத்தை அடைந்தது. பெங்களூருக்கு அது கிடைத்தது 1905இல். ஆனால் அது பாறை உடைக்கவும், நீர் இறைக்கவும், கூண்டு இழுக்கவும் வந்த மின்சாரம்; லைன் வீட்டு அடுப்புக்காக வந்ததன்று. ஜப்பானிலோ மின்சாரம் ரொட்டிக்குள்ளேயே புகுந்தது. பான்கோவுக்கான மாவை இரு உலோகத் தகடுகளுக்கிடையே வைத்து மின்னோட்டம் செலுத்தி வேகவைக்கும் முறை அங்கே வழக்கிலுள்ளது. மாவின் மின்தடையே வெப்பமாகிறது. ஆதலின் ரொட்டிக்கு மேலோடு உண்டாவதில்லை. அதனைத் துருவினால் கூரிய, காற்றறை மிகுந்த துகள் கிடைக்கிறது. நம் கடைகளின் ரஸ்க் தூள் நுண்ணியது, அடர்ந்தது. அது கட்டியான ஓடாகப் படியும். பான்கோ சிலிர்த்து நிற்கும். இருவகை மொறுமொறுப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு துகளின் வடிவில் இருக்கிறது.

ஜப்பானுக்கும் தங்கவயலுக்கும் நேரடி உறவும் இருந்தது. 1965இல் இச்சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களைக் கண்டறிந்த ஆய்வில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோடு ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் இணைந்து பணியாற்றின. அது இயற்பியலின் உறவு. கட்லெட்டுக்கும் கட்சுவுக்கும் உள்ள உறவு அதனினும் முந்தியது. எந்த ஒப்பந்தமும் இன்றி, பேரரசுகளும் வணிகமும் சென்ற வழியில் உண்டானது.

இனி, கருவி. ஏர் ஃபிரையரை ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயரில் பொரித்தல் இருப்பினும் அது பொரிப்பதில்லை. மேலே மின்கம்பிச் சுருள், அதனையொட்டி விசிறி, கீழே துளையிட்ட கூடை, இவ்வளவே. வெங்காற்றை விரைந்து சுழற்றி மேற்பரப்பின் ஈரத்தைப் போக்கும் சிறிய அடுப்பு அது. காற்று எண்ணெயைப் போல வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே உலர்ந்த தூளை ஒற்றி அப்படியே வைத்தால், கறி வெந்துவிடும். தூளோ வெளிறியே கிடக்கும். இதற்குத் தீர்வு, கோப்பையளவு பான்கோவில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் பிசிறி, வாணலியில் பொன்னிறமாக முன்னரே வறுத்துக்கொள்வது. கறியை விரற்கடைக்கும் குறைவான ஒரே கனத்தில் தட்டி, உப்பும் மிளகும் தடவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, மைதா, முட்டை, வறுத்த தூள் என்னும் வரிசையில் புரட்ட வேண்டும். சூடேறிய கூடையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி, 190 பாகை செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், இடையில் ஒருமுறை திருப்பிவைத்தால் போதும். கறியின் நடுவே வெப்பம் 74 பாகையை எட்டியிருக்க வேண்டும். மைதா ஈரத்தைப் பிடிக்கிறது, முட்டை ஒட்டுகிறது, தூள் மொறுமொறுப்பைத் தருகிறது. இம்மூன்றின் வரிசை பங்களா குசினியிலும் கின்சாவிலும் ஒன்றே. வெண்ணெய் வாட்டல், எண்ணெய் முழுக்கு, வெங்காற்று என்று வெப்பம் மட்டுமே மாறிவந்திருக்கிறது.

உணவுக்கு நாட்டின் பெயரைச் சூட்டுவது எளிது. அப்பெயர் சூடியவுடன் இடையில் நின்ற கைகள் மறைந்துவிடுகின்றன. ஜப்பானில் கட்லெட்டை மாற்றியமைத்த உணவகத்தின் பெயரும் ஆண்டும் நினைவில் நிற்கின்றன. தங்கவயலில் அதே காலத்தில் அதே பண்டத்தை மிளகும் பச்சைமிளகாயும் சேர்த்து மாற்றியமைத்தவர்களுக்கு 'பட்லர்' என்னும் பொதுப்பெயரே எஞ்சியிருக்கிறது. ஒன்று தேசிய உணவாயிற்று. மற்றொன்று வீட்டு நினைவாயிற்று. திறமையால் வந்த வேறுபாடு அன்று இது. கடை யாருடையது, சம்பளம் யாருடையது, எழுதுகோல் யார் கையில் இருந்தது என்பவற்றால் வந்த வேறுபாடு.

சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28இல். அதன்பின் தங்கவயலார் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூரு சென்று வேலை செய்து திரும்புகின்றனர். சுரங்கத்தின் பொன் கணக்கும் கம்பெனிக் கணக்கும் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. குசினிக் கணக்கு முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளது. தங்கவயல் தமிழைக் கள ஆய்வு செய்யும் மாணவர்கள் சுரங்கச் சொற்களைத் திரட்டும்போது, குசினி, பட்லர், கட்லெட், சாப்ஸ், பாந்த்ராஸ் ஆகிய சொற்களையும் கேட்க வேண்டும். அவற்றைச் சொல்வோரிடம், அடுப்பின் முன் நின்றவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.